ஒரே வேலை... ஒரே மனைவி... 408 வெற்றி!

மாதச் சம்பளம் 63 டாலர் 75 சென்ட். வேலை: காலேஜ் ஃபுட்பால் டீமுக்கு கோச்.

‘அட, பரவாயில்லையே’ என்று அவசரப்படாதீர்கள். அந்தச் சம்பளத்துக்குள் இன்னும் என்னென்ன அடக்கம் என்று பாருங்கள். பேஸ்கட்பால் டீமுக்கும் அவரே கோச். மைதானத்தில் புல் வெட்டும் மெஷினைத் தள்ளுவது அவர். வெள்ளைக் கோடு போடுவது அவர். பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது அவர். மேட்ச் முடிந்ததும் உட்கார்ந்து, யார் ஜெயித்தார்கள், எப்படி ஜெயித்தார்கள் என்று பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதி அனுப்புவதும் அவரே! சம்பளம் வாங்கும் உதவியாளர்? மூச்!

“சார், இது என் ஸீட் இல்லை, அடுத்த செக்‌ஷன்ல கேளுங்க” என்று ஃபைலைத் தள்ளிவிட்டுப் பழகிய நம்மில் பலர், அப்படி ஓர் ஆர்டரைக் கையில் வாங்கியிருந்தால் மறுநாளே மெடிக்கல் லீவ் போட்டிருப்போம். 22 வயது எட்டி ராபின்சன் போடவில்லை. 1941-ல் வேலையில் சேர்ந்தார். 1997-ல்தான் வீட்டுக்குப் போனார். நடுவில் டிரான்ஸ்ஃபர் இல்லை, வேறு கம்பெனி இல்லை. அதே காலேஜ், அதே நாற்காலி, 56 வருஷம்!

அந்த 56 வருஷத்தில் 408 வெற்றி. ஆனால் ரிகார்டு பற்றி யாராவது பேச்செடுத்தால், தன்னுடைய நிஜமான ரிகார்டு ஒரே வேலை, ஒரே மனைவி என்று இத்தனை வருஷம் ஓட்டியதுதான் என்பார் மனுஷர்.

தேங்காய் மாதிரி ஒரு பந்து

ஃபுட்பால் என்றதும் பீலேயும் மரடோனாவும் ஞாபகத்துக்கு வந்தால் அவர்களைக் கொஞ்சம் ஓரமாக உட்கார வையுங்கள். இது அமெரிக்க ஃபுட்பால். பெயரில்தான் கால், ஆட்டத்தில் பெரும்பாலும் கை! பந்து, உரித்த தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூராக இருக்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், தூக்கி எறியலாம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். எல்லோர் தலையிலும் ஹெல்மெட்.

பந்து வைத்திருக்கிற டீமுக்கு நாலு சான்ஸ். அதற்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நாலு சான்ஸ். இல்லாவிட்டால் பந்து பெரும்பாலும் எதிராளிக்குப் போய்விடும். எதிராளியின் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் ‘டச்டவுன்’. ஆறு பாயின்ட்.

அந்த 11 பேரில் ஒருவருக்குப் பெயர் குவார்ட்டர்பேக். பந்து முதலில் இவர் கைக்குத்தான் வரும். எதிரே மலை மாதிரி ஆட்கள் இவரைக் கவிழ்க்க ஓடி வந்துகொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று செகண்டுக்குள் யாருக்கு எறிவது, எங்கே எறிவது என்று முடிவெடுக்க வேண்டும். மற்றவர்கள் உடம்பு என்றால் இவர் மூளை. இந்தக் குவார்ட்டர்பேக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ராபின்சன் கதையே இவரைச் சுற்றித்தான்.

‘காலேஜ் மேட்ச்தானே, பத்து பேர் வந்து கைதட்டுவார்கள்’ என்றும் நினைத்துவிடாதீர்கள். லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் யூனிவர்சிடிகள் அங்கே உண்டு. இன்றைக்கு முன்னணி கோச்சுகள் சிலருக்கு வருஷச் சம்பளம் 1 கோடி டாலருக்கும் மேல்! ராபின்சனின் 63 டாலர் 75 சென்ட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தீவன மில்லிலிருந்து...

1919-ல் லூசியானா மாநிலத்தில் ஜாக்சன் என்ற சின்ன ஊரில் பிறந்தார் ராபின்சன். அப்பா, அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு விவசாயம் செய்தவர். அம்மா வீட்டு வேலை பார்த்தவர். பேடன் ரூஜ் நகரத்தில் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு ஹைஸ்கூல் டீமையும் அதன் கோச்சையும் பார்த்திருக்கிறார். கோச் சொன்னால் பையன்கள் கேட்கிற அழகைப் பார்த்ததும், ‘வேலை என்றால் இதுதான்’ என்று பையன் மனசில் ஒட்டிக்கொண்டது. டாக்டர் இல்லை, வக்கீல் இல்லை... கோச்!

லேலண்ட் என்ற சிறிய காலேஜில் படித்தார். குவார்ட்டர்பேக்காக ஆடினார். டிகிரி வாங்கியாகிவிட்டது. ஆனால் கறுப்புப் பட்டதாரிக்கு கோச் வேலை கொடுக்க யார் காத்திருக்கிறார்கள்? பேடன் ரூஜில் ஒரு கால்நடைத் தீவன மில்லில் மூட்டைகளோடு மல்லுக்கட்டினார். கூலி, மணிக்கு 25 சென்ட்.

அப்போதுதான் வடக்கு லூசியானாவில் கிராம்ப்ளிங் என்ற ஊரில் கோச் வேலை காலி என்று தகவல் வந்தது. காலேஜின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்: லூசியானா நீக்ரோ நார்மல் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட். பின்னால் அதுவே கிராம்ப்ளிங் காலேஜாகி, கிராம்ப்ளிங் ஸ்டேட் யூனிவர்சிடி ஆனது. அதே 1941-ல் டோரிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரே வேலை, ஒரே மனைவி... இரண்டும் ஒரே வருஷத்தில் ஆரம்பம்!

முதல் சீசனில் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. ‘சரிதான், பையன் தேற மாட்டான்’ என்று யாராவது முணுமுணுத்திருந்தால், அடுத்த வருஷமே வாயை மூடியிருப்பார்கள். 1942-ல் ஒன்பது மேட்ச், ஒன்பதும் வெற்றி. அது பெரிசில்லை. அந்த ஒன்பது மேட்சிலும் எதிராளிகளில் ஒருத்தர்கூட ஒரே ஒரு பாயின்ட்கூட எடுக்கவில்லை!

சாண்ட்விச்சும் பருத்தியும்

அந்தக் காலத்து அமெரிக்கத் தெற்கு மாநிலங்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடம் தனி, பஸ்ஸில் ஸீட் தனி, தண்ணீர்க் குழாய் தனி. கறுப்பு நிறமாகப் பிறந்தவன் வெள்ளைக்காரர் யூனிவர்சிடியில் படிக்கவும் முடியாது, ஃபுட்பால் ஆடவும் முடியாது.

வெளியூர் மேட்சுக்கு டீம் பஸ்ஸில் கிளம்பினால் வழியில் ஹோட்டல்கள் வரும். ஆனால் உள்ளே போக முடியாது. அதனால் கிளம்புவதற்கு முன்பே சாண்ட்விச் தயார் செய்து பஸ்ஸில் ஏற்றிவிடுவார் ராபின்சன். புல் வெட்டுவது, கோடு போடுவது லிஸ்டில் சமையலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!

ஒரு சமயம் முக்கியமான மேட்ச் வருகிறது. டீமின் நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு பேரைக் காணோம். விசாரித்தால், பருத்தி எடுக்கும் சீசன், அப்பா அனுப்ப மாட்டேன் என்கிறார். அப்பாவோடு சண்டை போட்டாரா? இல்லை. டீமையே கூட்டிக்கொண்டு போய் வயலில் இறங்கிவிட்டார். எல்லோருமாகப் பருத்தி எடுத்து முடித்தார்கள். பையன்கள் மேட்சுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதற்காக ஆட்டம் ஒன்றே போதும் என்று விட்டுவிடுகிற ஆசாமியும் இல்லை. காலங்கார்த்தாலே ஹாஸ்டல் வராந்தாவில் மாட்டு மணியை ஆட்டிக்கொண்டு வருவார். கிளாசுக்கு நேரமாச்சு, எழுந்திரு! வெளியூர் போனால் கோட்டும் டையும் கட்டாயம். படிப்பை விட்டவனுக்கு ஃபுட்பாலும் இல்லை என்பதில் கறாராக இருந்தார்.

தெருவில் இறங்கிக் கொடி பிடித்தவர் இல்லை ராபின்சன். மைக் முன்னால் முழங்கியவரும் இல்லை. கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் கொதித்த 1960-களில், இவர் ரொம்ப மிதவாதி என்று அலுத்துக்கொண்ட இளைஞர்கள் உண்டு. அவர் வழி வேறு. ‘இவர்களால் முடியாது’ என்று எதைச் சொல்கிறார்களோ, அதை ஒவ்வொன்றாக முடித்துக் காட்டுவது.

கதவு ஒன்று... இரண்டு...

முதல் ‘முடியாது’: கறுப்பர் காலேஜில் ஆடியவன் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் தாக்குப்பிடிக்க முடியாது.

1949-ல் பால் யங்கர் என்ற பையன் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தார். செல்லப் பெயர் ‘டேங்க்’. (உடம்பைப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள்!) நீ சொதப்பினால் நம்மைப் போன்ற காலேஜிலிருந்து இன்னொருத்தனை எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது என்கிற மாதிரி சொல்லி அனுப்பிவைத்தார் ராபின்சன். எவ்வளவு பெரிய பாரம் பாருங்கள்! டேங்க் சொதப்பவில்லை. 10 சீசன் ஆடினார். கறுப்பர் காலேஜிலிருந்து என்.எஃப்.எல்.லுக்குப் போன முதல் ஆள் அவர்தான்.

அதன் பிறகு கிராம்ப்ளிங் ஒரு தொழிற்சாலையே ஆகிவிட்டது. 1963-ல் ஏ.எஃப்.எல். என்ற போட்டி லீக் நடத்திய தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் பக் புக்கனன், ராபின்சனின் பையன். வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், புக்கனன், சார்லி ஜாய்னர் என்று நாலு பேர் தொழில்முறை ஃபுட்பாலின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ வரைக்கும் போனார்கள். மொத்தத்தில் அந்தச் சின்ன ஊரிலிருந்து 200 பேருக்கு மேல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கிறார்கள்.

காலேஜின் பெயரையும் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். முன்னாள் ராணுவ நிருபர் காலி நிக்கல்சன் 1948-ல் விளம்பர அதிகாரியாக வந்து சேர்ந்தார். பத்திரிகைச் செய்தியை ராபின்சனே எழுதும் காலம் ஒருவழியாக முடிந்தது! 1968-ல் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் கிராம்ப்ளிங் ஆடியது. 60,000 பேருக்கு மேல் கூட்டம். 1976-ல் டோக்கியோவுக்கே போய் ஆடிவிட்டு வந்தார்கள்.

இரண்டாவது ‘முடியாது’தான் கொடுமை. கறுப்பன் ஓடுவான், மோதுவான். ஆனால் யோசித்து முடிவெடுக்கிற குவார்ட்டர்பேக் வேலை அவனுக்கு ஒத்துவராது! காலேஜில் குவார்ட்டர்பேக்காகக் கொடிகட்டிப் பறந்த பையன் என்.எஃப்.எல். போனதும், “நீ ஓடிப்போய்ப் பந்தைப் பிடி தம்பி” என்று வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். கணக்கில் புலியாக இருப்பவனைக் கூப்பிட்டுத் தபால் பிரிக்கச் சொன்ன மாதிரி.

ராபின்சன் ஒரு பையனை அதற்கென்றே தயார் செய்தார். பெயர் ஜேம்ஸ் ஹாரிஸ். தொழில்முறை டீம்கள் எறிகிற மாதிரியே எறியப் பழக்கினார். வேறு இடத்துக்கு மாறச் சொன்னால் மாறாதே என்று உறுதி ஊட்டினார். 1969-ல் பஃபலோ பில்ஸ் அணியில், சீசனின் முதல் மேட்சிலேயே குவார்ட்டர்பேக்காக இறங்கினார் ஹாரிஸ். அப்படி இறங்கிய முதல் கறுப்பர்.

அடுத்தவர் டக் வில்லியம்ஸ். 1988 ஜனவரி 31. சான் டீகோவில் சூப்பர் பௌல், என்.எஃப்.எல்.லின் இறுதிப் போட்டி. வாஷிங்டன் அணிக்குக் குவார்ட்டர்பேக் வில்லியம்ஸ். சூப்பர் பௌலை இந்த இடத்தில் ஆடித் துவக்கும் முதல் கறுப்பர். எடுத்த எடுப்பில் டென்வர் 10–0 என்று முன்னால் போய்விட்டது. போதாக்குறைக்கு வில்லியம்ஸின் முட்டி திருகிக்கொண்டு வெளியே போக வேண்டியதாயிற்று. ‘நான் அப்பவே சொன்னேன் பார்’ என்று சொல்லக் காத்திருந்தவர்கள் வாயைத் திறந்திருப்பார்கள்...

திரும்பி வந்தார் வில்லியம்ஸ். இரண்டாவது கால் பகுதியில் மட்டும் நாலு டச்டவுனுக்கு எறிந்தார்! வாஷிங்டன் அந்த 15 நிமிஷ ஆட்டத்தில் 35 பாயின்ட். கடைசியில் 42–10. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் வில்லியம்ஸ். ஸ்டேடியத்தில் இருந்த ராபின்சன் தன் பையனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் யாரும் ‘முடியாது’ என்று சொல்ல முடியவில்லை.

புரமோஷன் எங்கே?

இந்த இடத்தில் ஆபீஸ்காரர்களான உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். இவ்வளவு சாதித்தவரை வேறு பெரிய யூனிவர்சிடி கொத்திக்கொண்டு போயிருக்க வேண்டாமா?

ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவின் உயர்தட்டு யூனிவர்சிடி டீம் ஒன்றுக்கு முதல் கறுப்புத் தலைமை கோச்சாக வில்லி ஜெஃப்ரீஸ் என்பவர் விச்சிடா ஸ்டேட்டில் நியமிக்கப்பட்டது 1979-ல். அப்போது ராபின்சன் 38 வருஷ சர்வீஸ் முடித்திருந்தார். புரமோஷன் லிஸ்டே இல்லாத ஆபீஸில் சீனியாரிட்டி பார்த்து என்ன பிரயோஜனம்? அவருடைய பையன்கள் எந்தக் கதவு வழியாகவும் போகலாம். அவர் மட்டும் வாசலில் நின்று வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. அலபாமாவின் புகழ்பெற்ற வெள்ளைக்கார கோச் பேர் பிரையன்ட் 323 வெற்றியோடு ஓய்வு பெற்று, 1983 ஜனவரியில் காலமானார். 1985 அக்டோபர் 5-ம் தேதி டல்லஸில் பிரெய்ரி வியூ டீமை 27–7 என்று ஜெயித்து, 324-ஐத் தொட்டார் ராபின்சன். 1995-ல் 400. அந்தப் படியை எட்டிய முதல் காலேஜ் கோச் அவர்.

ஜெயித்ததே வினையாக...

இதற்கிடையில்தான் விதி ஒரு வேடிக்கை செய்தது.

1970 செப்டம்பர். கறுப்பு ஆட்டக்காரர் ஒருவர்கூடக் களமிறங்காத அலபாமா டீமை, அவர்கள் சொந்த மாநிலத்திலேயே, கறுப்பர்கள் நிறைந்த தெற்குக் கலிஃபோர்னியா டீம் 42–21 என்று புரட்டியெடுத்தது. ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருந்த தெற்கத்திய யூனிவர்சிடிகள் அதற்கப்புறம் வேகமாகவே விழித்துக்கொண்டன. “அந்தப் பையனைக் கூப்பிடு, இந்தப் பையனைக் கூப்பிடு!”

கேட்க வேண்டுமா? பிரம்மாண்ட ஸ்டேடியம், டி.வி., கொழுத்த பட்ஜெட். முன்பெல்லாம் லூசியானாவில் கெட்டிக்காரக் கறுப்புப் பையனுக்குக் கிராம்ப்ளிங் மாதிரி ஒரு சில காலேஜ்களே கதி. இப்போது அவனைத் தேடி வீட்டு வாசலில் பெரிய பெரிய கோச்சுகள் காத்துக் கிடந்தார்கள். கறுப்பனால் முடியும் என்று ராபின்சன் 30 வருஷம் நிரூபித்தார். ஊர் நம்பிவிட்டது. நம்பியதும் அவரிடம் வர வேண்டிய பையன்களை அள்ளிக்கொண்டு போய்விட்டது!

உடனே சரிந்துவிடவில்லை, மனுஷர் 1994 வரைக்கும் சாம்பியன்ஷிப் ஜெயித்தார். பிறகுதான் இறக்கம். 1995-ல் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1996-ல் மூன்று வெற்றி, எட்டுத் தோல்வி. விதிமீறல் பற்றிய விசாரணை வேறு சேர்ந்துகொண்டது. வயது 77. பழைய மாணவர்களிலேயே சிலர், “பெரியவர் ஒதுங்கிக்கலாம்” என்று ஆரம்பித்தார்கள். நிர்வாகமும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

செய்தி வெளியே வந்ததும் நாடு முழுக்க ஒரே கூச்சல். மாநில கவர்னரே தலையிட்டு, இன்னும் ஒரு சீசன் கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள்.

படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள்... புல் வெட்டி, கோடு போட்டு, சாண்ட்விச் கட்டி உருவாக்கிய காலேஜில், 55 வருஷம் கழித்து, ஒரே ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷன் வாங்க கவர்னர் சிபாரிசு! கிடைத்த அந்த 1997 சீசனும் மூன்று வெற்றி, எட்டுத் தோல்விதான். கடைசி மேட்ச் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில், பரம வைரி சதர்ன் யூனிவர்சிடியோடு. 30–7 என்று தோற்றார்.

1994-லேயே விலகியிருந்தால் கௌரவமாக இருந்திருக்குமே என்று நாம் ஈஸியாகச் சொல்லிவிடலாம். ஆனால் மூன்றாம் வகுப்பில் ஆசைப்பட்ட வேலை கிடைத்து, அதைத் தவிர வேறு எதையுமே செய்யாத ஒருத்தருக்கு எந்தத் தேதியில் எழுந்து போவது என்று எப்படித் தெரியும்? வாரத்துக்கு நாலு தடவை ‘ரிஸைன் பண்ணிடப் போறேன்’ என்கிற நமக்கு அது புரிவது கஷ்டம்.

அவர் எழுந்த நாற்காலியில் 1998-ல் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? டக் வில்லியம்ஸ்!

மறந்ததும் மறக்காததும்

408 வெற்றி, 165 தோல்வி, 15 டிரா. இதுதான் இறுதிக் கணக்கு. சிறிய காலேஜ்கள் பிரிவில் ஜான் கக்லியார்டி 489 வெற்றி வரை போய்விட்டார். பெரிய பிரிவில் பென் ஸ்டேட்டின் ஜோ பட்டர்னோ 2011-ல் 409-ஐத் தொட்டார். சில நாளில் அவருடைய முன்னாள் உதவியாளரின் சிறுவர் பாலியல் குற்ற விவகாரத்தில் வேலை போயிற்று. 2012-ல் 111 வெற்றிகளை அழித்தார்கள், 2015-ல் திருப்பிக் கொடுத்தார்கள். எண்கள் ஏறும், இறங்கும். ராபின்சன் எண்களை நம்பி உட்கார்ந்தவர் இல்லை.

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே அவருக்கு அல்ஸைமர் நோய். பையன் பையனாகப் பெயர் சொல்லி எழுப்பிய மனுஷருக்கு, ஞாபகங்கள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. பக்கத்தில் டோரிஸ் இருந்தார். 2007 ஏப்ரல் 3-ம் தேதி, 88 வயதில் காலமானார். அவர் பெயரில் மியூசியம் 2010-ல் கிராம்ப்ளிங்கில் திறக்கப்பட்டது. அமெரிக்க ஃபுட்பால் எழுத்தாளர் சங்கம் வருஷத்தின் சிறந்த கோச்சுக்குக் கொடுக்கும் விருதுக்கும் அவர் பெயர்தான்.

ஒன்று மட்டும் பாக்கி. அவர் உடலைப் பொதுமக்கள் அஞ்சலிக்காக வைத்த இடம் லூசியானா மாநில சட்டசபைக் கட்டடம். அது இருக்கிற ஊர் பேடன் ரூஜ்.

மணிக்கு 25 சென்ட்டுக்குத் தீவன மில்லில் வேலை பார்த்தாரே... அதே ஊர்!